சாமானிய உறுப்பினரின் பழிவாங்கும் படலம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப்போகிற கதையை எவரும் நம்பப்போவதில்லை. என் மனைவி வேலம்மாள் கண்டிப்பாக நம்பமாட்டாள். நான் மணி ஆறு என்று சொன்னாலே எழுந்துபோய்க் கடிகாரத்தைப் பார்க்கிறவள். ஆயினும், முப்பத்துமூன்று வருஷம் திருநெல்வேலி – செங்கோட்டை வழித்தடத்தில் கண்டக்டராக இருந்து, எண்பது லட்சம் பேரை ஏற்றி இறக்கி, அவர்களில் ஏழாயிரம் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய இசக்கியப்பனாகிய நான், பழைய டிக்கெட் பையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: பழி வாங்காமல் இந்த நோட்டை மூடமாட்டேன்.

பழி யார் மேல்? பல்கலைக்கழகத்துப் பயன்பாட்டு அறவியல் மையத்தின் இயக்குநர், பேராசிரியர் நீலமேகம் மேல்.

அந்த மையத்தின் வேலை இது. யாராவது ஜனங்களிடம் போய் ஆராய்ச்சி செய்வதென்றால், ரத்தம் எடுப்பதோ, கேள்வி கேட்பதோ, அது நியாயமாக நடக்குமா என்று பார்த்து அனுமதி கொடுக்க ஒரு குழு உண்டு. டாக்டர், வக்கீல், பேராசிரியர்கள் எல்லாம் இருப்பார்கள். படித்தவர்களை மட்டும் ஓர் அறைக்குள் விட்டால் ஊர் தாங்காது என்று விதி எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே சாமானியர் ஒருவரும் இருந்தே ஆகவேண்டும். அவர் வராவிட்டால் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் கணக்கு, இல்லை. கூட்டமே செல்லாது. கடந்த ஏப்ரல் முதல் அந்தச் சாமானியர் நான். நான் தும்மினால் பல்கலைக்கழகத்தில் பதினாலு ஆராய்ச்சி நின்றுபோகும். மேஜை மேல் என் பெயர் எழுதிய கட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை நான் தினமும் நினைத்துக்கொள்வதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் நினைத்துக்கொள்வேன்.

இன்று சாயங்காலம் என் அக்காள் மகள் ஆவுடைச்செல்வி வந்தாள். நீலமேகத்திடம் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். மாமன் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மையத்தில் அவளை நான் தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவள் போட்ட கட்டளை. அங்கே நாங்கள் பார்த்துக்கொண்டால் ரயில் நிலையத்தில் இரண்டு அந்நியர்கள் மாதிரி நகர்ந்துவிடுவோம்.

வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மாமா, என் பேரையே எடுத்துட்டாரு."

"எதுலேருந்துட்டி?"

"என் ஆய்வுலேருந்தே. ஜூலை பதினேழு கூட்டத்துல முதன்மை ஆய்வாளர்னு அவரு பேரைப் போட்டு மாத்தியிருக்காரு. குழுவும் சரின்னு சொல்லியிருக்கு. நான் இப்ப கள உதவியாளராம். ஆய்வே என்னோடது இல்லன்னா எதை வச்சு தீசிஸ் குடுக்க? அக்டோபர் முப்பத்தொண்ணு கடைசி நாளு."

அவள் ஆய்வு என்ன என்றால், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது. ஆராய்ச்சிக்காரர்கள் நீட்டும் சம்மதத் தாளில் அந்தப் பெண்கள் எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். செல்வி அதற்கொரு வழி கண்டுபிடித்தாள். முதலில் வாசித்துக் காட்டுவாள். பிறகு அந்தப் பெண், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லையா, கையெழுத்து கிடையாது. அடுத்த நாள் மறுபடியும். ஒரு அம்மாள் இப்படித் திருப்பிச் சொன்னாளாம்: "அதாவது, எப்ப வேணும்னாலும் நான் வேண்டாம்னு சொல்லலாம், யாரும் கோவப்படக் கூடாது. அப்படித்தான? இந்தக் காயிதத்துல ஒண்ணு எங்க வீட்டுக்காரருக்கும் குடு."

இன்றைய பேப்பரில் அது 'நீலமேகம் முறை' என்று வந்திருக்கிறது. பக்கத்தில் அவர் படம். படத்தில் அவர் சிரித்த சிரிப்பில் என் வீட்டுத் தொட்டித் தண்ணீர் கொதித்துவிட்டது.

"எந்தக் கழுதைட்டி இதுக்குக் கையெழுத்துப் போட்டது? ஒவ்வொருத்தன் காதையும் பிடிச்சுத் திருகுதேன்" என்றேன்.

"அந்தக் கூட்டத்துல நீங்களும் இருந்தீயள்லா மாமா?"

"கூட்டம்னா ஆயிரம் காயிதம் வரும்ட்டி" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மின்சாரக் கட்டணம் கட்டினேன். தேங்காய் மூன்று வாங்கினேன்; ஒன்று அழுகல். பழிவாங்கும் திட்டங்கள் நாற்பத்திரண்டு தயார். யானை தேவைப்படும் திட்டங்களை அடித்துவிட்டால் மீதி ஒன்பது.

வேலம்மாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஜூலை பதினேழா? அன்னைக்கு நாம குத்தாலத்துல இருந்தோம்லா. உங்க பென்சன்காரங்க சங்கத்து வண்டியில போனமே."

அவளுக்கு இப்போதெல்லாம் ஞாபகமறதி அதிகம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

முதல் அஸ்திரம் விட்டேன். சாமானிய உறுப்பினருக்கு எல்லாத் தாள்களையும் அவர் வாசிக்கும் மொழியில் தர வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை நாள் நான் கேட்டதில்லை. இன்று பதிவுத் தபாலில் கேட்டேன். நீலமேகம் ஐந்து மாவட்டங்களுக்கு 'தன்' முறையைக் கொண்டுபோகப் புதிய திட்டம் போட்டிருக்கிறாரே, அதன் நூற்று நாற்பது பக்கமும் தமிழில் வேண்டும்.

மையத்தில் மூன்று பேர் இதனால் மயங்கி விழுந்தார்கள் என்று கேள்வி. ஒருவர் பெருமூச்சுவிட்டார் என்பது வரைக்கும் நானே விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முந்திரிக்கொத்து டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். வேலம்மாள், "நல்ல டப்பாவாச்சே, அந்தப் பேராசிரியர் வீடு தேடி வந்து குடுத்தது" என்றாள். டப்பாவில் துரு ஏறிவிட்டது என்றேன். அது பிளாஸ்டிக் டப்பா.

செப்டம்பர் 12, வெள்ளி

கூட்டம். நீலமேகத்தின் ஐந்து மாவட்டத் திட்டம் அனுமதிக்கு வந்தது. அனுமதிக் கடிதம் அக்டோபர் பத்துக்குள், பணம் தருகிற டெல்லி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் திட்டம் கைவிட்டுப் போய்விடும். தமிழாக்கத்தை என் முன்னால் வைத்தார்கள். அதில் செங்கல் கனம் இருந்தது.

குழுத் தலைவர் டாக்டர் ஜெபமணி அம்மா. பாளையங்கோட்டைக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

"எல்லாருக்கும் சம்மதமா?" என்றார்.

கையைத் தூக்கினேன். "அம்மா, இந்த முறைப்படி, விளங்கினதைத் தன் வார்த்தையில திருப்பிச் சொன்னாத்தான கையெழுத்து? எனக்கு இன்னும் விளங்கல. விளங்குத வரைக்கும் சார் சொல்லட்டும்."

நீலமேகம் புன்னகையுடன் எழுந்தார். நாற்பது நிமிஷம் பேசினார். தன்னாட்சி என்றார், அறிவார்ந்த ஒப்புதல் என்றார். இடையில் இரண்டு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டது.

"சார், பீடி சுத்துத பொம்பள மடியில இலையும் தூளும் வச்ச சுளகு இருக்கும். ரெண்டு கையும் ஓடிக்கிட்டே இருக்கும். இந்தக் காயிதத்தை அவ எந்தக் கையால வாங்குவா?"

"வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வோம்."

"நிறுத்தினா சாயங்காலம் கட்டு குறையுமே. கடைக்காரன் சும்மா இருப்பானா?"

அவர் தண்ணீர் குடித்தார். "அதெல்லாம் கள உதவியாளர் பார்த்துப்பாங்க."

அறைக் கோடியில் படம் காட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் செல்வி உட்கார்ந்திருந்தாள். தலைவரம்மா அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"நானும் கூட உக்காந்து சுத்துவேன் மேடம். வாசிச்சுக்கிட்டே சுத்துவேன். நான் சுத்துனதை அவங்க கட்டுல சேத்துருவேன். அவங்களுக்கு நேரம் நட்டப்படாது."

"உங்களுக்குப் பீடி சுத்தத் தெரியுமா?"

"முதல் மாசம் தெரியாது. கோணலாப் போகும். சிரிப்பாங்க. சிரிச்ச பிறகுதான் பேச ஆரம்பிச்சாங்க."

தலைவரம்மா பேனாவை மூடி வைத்தார். "அப்படின்னா இந்த முறை யாருடையது, புரொபசர்?"

"என் வழிகாட்டுதலில் உருவானது" என்றார் நீலமேகம். முகத்தில் அசைவே இல்லை. "ஜூலை பதினேழில் இந்தக் குழுவே முழு கோரத்தோடு அதை ஏற்றிருக்கிறது."

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், வரலை. நான் பார்த்தது நடவடிக்கைக் குறிப்பை மட்டும்தான்" என்று தலைவரம்மா யோசித்தார். "அடுத்த கூட்டம் அக்டோபர் ஒன்பது. அப்போ முடிவு செய்யலாம்."

வெற்றி! என் தலைக்கு மேல் மூன்று கருடன் வட்டமிட்டன. அறைக்குள்ளேயே.

டீ வேளையில் நீலமேகம் என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, செல்வி உங்க அக்கா மகளாமே. நேத்துதான் தெரியும். சொல்லவே இல்லையே?"

"கேக்கவே இல்லையே."

"பரவாயில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஜூலை பதினேழாம் தேதி வருகைப் புத்தகத்துல என் கையெழுத்தும் உங்க கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு. என்னைத் தள்ளுனா நீங்களும் சேந்துதான் விழணும். மருமகளுக்குத் தெரிஞ்சா என்ன நினைக்கும்?"

வடையைப் பாதி தின்றிருந்தேன். மீதியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

மிக்ஸி பழுது பார்க்கக் கொடுத்தேன். பழி ஒன்றும் வாங்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மைய வாசலில் 'நேர்மை வாரம்' பேனர் கட்டியிருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சுவரொட்டிப் போட்டியாம், நடுவர் நீலமேகம். பேனரில் அவர் முகம் பேருந்து அளவு. நேர்மை என்ற எழுத்து பயணச்சீட்டு அளவு. நான் பார்த்த பார்வையில் பேனர் தீப்பற்றியிருக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

செல்வி வந்தாள். சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருக்கிறாளாம். திங்கட்கிழமை நேர்முகம்.

"தீசிஸ்?"

"எதுக்கு மாமா? ஒன்பதாம் தேதியும் அதேதான் நடக்கும். ஜூலையில குழுவே அனுமதிச்சாச்சுன்னுதான் அவரு நிக்காரு. அதை யாரு அசைக்க? நாலு வருசம். பரவாயில்ல, பீடி சுத்தக் கத்துக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

வேலம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். "குத்தாலத்துல குளிச்ச தண்ணி உங்க தலையில இன்னும் காயலையோ?"

"என்னட்டி சொல்லுதே?"

"பதினேழாம் தேதி ஐந்தருவியில நின்னீய. பதினெட்டாம் தேதி அந்த மனுசன் புத்தகத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வந்தாரு. நான்தான் காப்பி போட்டேன். எனக்கு ஞாபகமறதின்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுங்க. அந்தப் பிள்ளை முகத்தை மட்டும் மறக்காதீய."

இதோ எழுதிவிடுகிறேன். ஜூலை பதினேழாம் தேதி கூட்டத்துக்கு நான் போகவில்லை. அருவிக்கு அடியில் நின்று, தண்ணீரைத் தலையால் தடுத்து, தென்காசி நகருக்கு வரவிருந்த வெள்ளத்தைத் தனி ஒருவனாக நிறுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் நீலமேகம் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க இல்லாம கோரம் இல்ல. சும்மா வழக்கமான விஷயங்கள்தான். ஒரு கையெழுத்து" என்றார். வருகைப் புத்தகத்தில் ஒன்று, நடவடிக்கைக் குறிப்பில் ஒன்று. பேனா மூடியை அவரே திறந்து கொடுத்தார். ஒரு பேராசிரியர் என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னை அண்ணாச்சி என்கிறார். போட்டேன்.

அந்தக் கழுதை நான்தான்.

அக்டோபர் 6, திங்கள்

செல்வி நேர்முகத்துக்குப் போகவில்லை. நான் போன் செய்து, "ஒன்பதாம் தேதி வரைக்கும் பொறுட்டி" என்றேன். ஏன் என்று கேட்டாள். சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வெள்ளை வேட்டி. வேலம்மாள் நீலம் போட்டு அலசியது. நடந்து வரும்போது பல்கலைக்கழகத்து மரங்களெல்லாம் எழுந்து நின்றன. (முன்பே நின்றுகொண்டுதான் இருந்தன.)

என் பெயர்க் கட்டை மேஜை மேல் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

கூட்டம் தொடங்கியதும் நீலமேகமே எழுந்தார். "தலைவர் அவர்களே, ஒரு முறையீடு. சாமானிய உறுப்பினர் திரு. இசக்கியப்பன் இந்த ஆய்வின் கள உதவியாளருக்குத் தாய்மாமன். இதை அவர் மறைத்திருக்கிறார். அறநெறிப்படி இந்தப் பொருளில் அவர் வெளியேற வேண்டும்."

"உண்மையா மிஸ்டர் இசக்கியப்பன்?"

"உண்மைதான்மா. எழுதிக் குடுத்திருக்கணும். குடுக்கல. தப்பு. இந்தா போறேன்." எழுந்து துண்டை எடுத்தேன்.

தலைவரம்மா கண்ணாடிக்கு மேலாக நீலமேகத்தைப் பார்த்தார். "அவர் போனா கோரம் இல்லை, புரொபசர். கூட்டத்தைக் கலைக்கணும். உங்க கடிதம் நாளைக்குள்ள போகணும்னு சொன்னீங்க."

எண்பது லட்சம் பேர் முகத்தில் சில்லறை இல்லாத திகைப்பை நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கதவு, இரண்டிலும் பூட்டு.

"சரி… அவர் இருக்கட்டும். கருத்து சொல்லாமல் இருந்தால் போதும்" என்றார் நீலமேகம்.

"இந்தத் திட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்மா. ஜூலை பதினேழைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை."

"அண்ணாச்சி" என்றார் நீலமேகம். அந்த அண்ணாச்சியில் முந்திரிக்கொத்து இல்லை.

"அன்னைக்கு நான் கூட்டத்துக்கு வரலம்மா. குத்தாலத்துல ஐந்தருவியில குளிச்சுக்கிட்டிருந்தேன். பென்சன்காரங்க சங்கத்து வண்டியில போனோம், நாப்பது பேரு சாட்சி. மறுநாள் சார் புத்தகத்தை எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். நான் வராத கூட்டத்துல கோரம் இல்ல. கோரம் இல்லன்னா அன்னைக்கு மாத்துனது எதுவும் செல்லாது. அப்படித்தான விதி?"

வக்கீல் உறுப்பினர் முதல்முறையாக விழித்துக்கொண்டு, "அப்படித்தான்" என்றார்.

செல்வி உட்கார்ந்திருந்த கோடியை நான் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்ப்பது பார்க்காமலே தெரிந்தது.

"இது பழிவாங்கும் நோக்கம்" என்று கத்தினார் நீலமேகம். "மாமனும் மருமகளும் சேர்ந்து..."

"பழிதான் சார்" என்றேன். "பொய் இல்ல."

தலைவரம்மா வருகைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஜூலை பதினேழுப் பக்கத்தைத் திருப்பி, மற்ற உறுப்பினர்களைக் கேட்டார், ஒவ்வொருவராக: "இவர் அன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்திருந்ததைப் பார்த்தீங்களா?" ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் இல்லை என்றார். அதற்கப்புறம் எல்லோரும் இல்லை என்றார்கள்.

ஜூலை முடிவு ரத்து. ஆய்வு பழையபடி செல்வி பெயரில். நீலமேகத்தின் மேல் துணைவேந்தருக்குக் கடிதம். விசாரணை முடியும்வரை மையத்துப் பொறுப்பு வேறு ஆளிடம். ஐந்து மாவட்டத் திட்டம் டெல்லிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்துத் தலைவரம்மா, "நீங்க இனிமே இந்தக் குழுவுல இருக்க முடியாது. தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

படிக்கட்டில் நீலமேகம் வழி மறித்தார். "சொன்னேன்லா? நீரும் விழுந்தீர்வே."

"விழுந்தேன்வே. ஆனா உம்ம மேலதான் விழுந்தேன்."

இதைச் சொன்னபோது வானம் இடித்தது, பூமாரி பொழிந்தது, ஐந்து மாவட்டத்துப் பீடிக்காரப் பெண்களும் குலவையிட்டார்கள். எனக்கு மட்டும் கேட்டது.

செல்வி என்னைக் கடந்து போனாள். இந்த முறை அந்நியர் மாதிரி நடிக்கவில்லை, அப்படியே போனாள்.

அக்டோபர் 10, வெள்ளி

நீக்கக் கடிதம் வந்தது. தமிழில் அனுப்பியிருக்கிறார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

செல்வி வரவில்லை. மிக்ஸி வந்துவிட்டது.

அக்டோபர் 30, வியாழன்

செல்வி தீசிஸைக் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்தாள். நீல அட்டை, தங்க எழுத்து, அவள் பெயர். வேலம்மாள் அதைத் தடவிப் பார்த்தாள். எனக்கும் தடவத் தோன்றியது, கையைக் கட்டிக்கொண்டேன்.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"மாமா, படிக்காம போட்டேன்னு சபையில சொன்னீயளே. படிக்காமத்தான் போட்டீயளா?"

"நாளைக்கு வா, சொல்லுதேன்."

"சரி" என்று எழுந்தாள். "நாளைக்கு வாரேன். பொய் சொன்னா நாளன்னைக்கும் வருவேன்."

ஆகவே, செல்வி, நாளைக்கு நீ வந்ததும் இந்த நோட்டை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். கருடன் வரவில்லை. தென்காசிக்கு வெள்ளம் வரவிருக்கவில்லை. ஏழாயிரம் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு இருபது தெரியும். மாமா எழுதினதில் பெரும்பகுதி புளுகுதான், அது உனக்கே தெரியும். சபையில் சொன்னதிலும் ஒரு சொல் புளுகு.

சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதும், எனக்கு அது பிடித்திருந்ததும். தாளில் உன் பெயரைக் குறுக்கே அடித்து மேலே அவர் பெயர் எழுதியிருந்தது. நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.